கம்பத்துக்கு உள்ளே போன பந்து

கிழிந்த வலைகளைப் பொத்தும் ஊசிகளை நான் ஒரு பழைய பிஸ்கற் பேணிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அதன் அடியில் ஒரு சாண் நீளத்தில் பச்சை நைலோன் கயிறு ஒன்று கிடக்கிறது. ஒன்றுக்கும் உதவாத துண்டு. நிறம் வெளிறிப் போய்விட்டது. நடுவில் ஒருமுறை சுருக்குப் போட்டு இழுத்த வளைவு மட்டும் இன்னும் நிமிரவில்லை. மனைவி பேணியைத் துடைக்கும் போதெல்லாம் அதை எடுத்து வெளியே போடப் பார்ப்பாள். நான் வாங்கித் திரும்ப உள்ளே வைப்பேன். "இஞ்சருங்கோ, இந்தக் கயித்தில என்ன புதினம் கிடக்கு?" என்று பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டாள். அவளுடைய தம்பியின் கதைதான் அதில் கிடந்தது. அவளிடமே நான் அதைச் சொன்னது போன மாதம்தான்.

அந்தத் தம்பி, என் மச்சான், எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஒன்பதாம் இலக்கம். முன்னுக்கு நின்று கோல் அடிக்க வேண்டிய ஆள். முல்லைத்தீவுக் கரையில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்பக்கம், கடல் மணலில் கிரவல் கொட்டி இறுக்கிய மைதானம் எங்களுடையது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் காலில் பட்ட பந்து சொல்வழி கேட்கும். ஒருமுறை மைதானத்து மூலையில் நின்று, கோல் இருக்கும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் அவன் அடித்த பந்து வளைந்து உள்ளே இறங்கியதைப் பார்த்து எதிரணிக் கோல் காப்பாளரே கை தட்டினார். அடுத்த ஞாயிறு அதே ஆள், அதே சப்பாத்து, கோலுக்கு நேரே நாலு எட்டில் நின்று தென்னைமரத்துக்கு மேலால் அடிப்பான். மூன்று கோல் போட்ட கிழமைக்குப் பிறகு ஐந்து கிழமை ஒன்றுமில்லாமல் போகும். வேலியோரம் நிற்கிறவர்கள், "டேய், நீ பந்தடிக்க வந்தனியோ, தேங்காய் பிடுங்க வந்தனியோ?" என்று கேட்பார்கள். அவனும் விடமாட்டான். "இளநி வேணுமெண்டால் மரத்துக்குக் கீழ வந்து நில்லுங்கோ, அடுத்தது விழும்," என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அந்தச் சட்டையைத் தோய்க்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

சட்டையை அக்காவிடம் தோய்க்கக் கொடுக்க மாட்டான். கழுத்துப் பட்டியையும் முதுகில் ஒட்டியிருந்த ஒன்பதையும் விரலால் மெதுவாகத் தேய்ப்பான். போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அவனுக்குப் பதினெட்டு வயது. தாயும் தகப்பனும் இல்லை. அக்காவும் நானும் எங்கள் பிள்ளைகளும்தான். திரும்பி வந்த எல்லோருக்கும் தேடிப் பிடிக்க ஏதோ ஒன்று இருந்தது. காணியின் எல்லைக்கல், வள்ளத்தின் ஒரு பலகை, கிணற்றுக் கட்டு. அவன் தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு கழகத்தை மறுபடி தொடங்கி அவனுக்கு அந்தச் சட்டையைக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வலை பொத்துவதுதான் தொழில். கழகத்தின் தலைவராக இருந்த சம்மாட்டியார் வைத்திருந்த கரைவலைகளுக்கு நான்தான் ஆள். கரைவலை என்றால் கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று இருபது முப்பது பேர் இழுக்கிற பெரிய வலை. அதில் கழித்துவிட்ட பழைய துண்டு ஒன்றைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் கம்பங்களுக்குக் கட்டுவோம். கட்டுவதும் விளையாட்டு முடிய அவிழ்த்து, கரையில் வலை வைக்கும் கொட்டிலான வாடியில் கொண்டுபோய் வைப்பதும் என் பொறுப்பு. அதனால் நிர்வாகசபையிலும் என்னை ஒருவனாகச் சேர்த்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் யோசிக்கிற ஆள் நான். அடுப்பு அணைந்ததா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கட்டிய முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். விளையாட்டு நடக்கும்போதும் கோலுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பார்க்காமல் முடிச்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்கள் யோசிச்ச யோசினையை நெய்தால் ரெண்டு வலை வந்திருக்கும்," என்பாள் மனைவி.

யோசிக்கக் காரணமும் இருந்தது. எனக்கு முன் சம்மாட்டியாரிடம் வேலை செய்த ஒருவர் ஒருநாள் வலையின் மடியைச் சரியாகக் கட்டாமல் விட்டுவிட்டார். மடி என்பது மீன் வந்து சேரும் பை. கரைக்கு வரும் நேரம் அதன் வாய் அவிழ்ந்து, கண்ணுக்கு முன்னால் அவ்வளவு மீனும் திரும்பக் கடலுக்குப் போனது. அவிழவிட்டவர் என்று அன்றிலிருந்து அவருக்குப் பெயர் அவிட்டர். சொந்தப் பெயர் ஊருக்கு மறந்தே போய்விட்டது. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவிட்டரின் பிள்ளைகள். கோயிலில் பூசை நேரம் அவர் கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். பிறகு எந்தக் கரையிலும் அவரிடம் யாரும் வலை கொடுக்கவில்லை. வலை பொத்துகிறவனுக்கு முடிச்சுத்தான் பெயர். அது அவிழ்ந்தால் பெயரும் அவிழ்ந்துவிடும் என்று அவரைப் பார்க்கும் போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் முரசுமோட்டையிலிருந்து ஒருவன் எங்கள் ஊருக்கு வந்தான். அவனுடைய அக்கா இங்கே மணம் முடித்திருந்தாள். ஐஸ் ஆலையில் வேலை. வயற்காட்டில் வளர்ந்த கால், அலுங்காமல் ஓடும். பெரிதாக ஒரு வித்தையும் காட்ட மாட்டான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் எப்படியோ ஒன்று போட்டுவிடுவான். பங்குத் திருநாளுக்கு நடக்கும் சுற்றுப்போட்டி நெருங்கியது. முன்னுக்கு நிற்கும் இடம் ஒன்றுதான். மச்சானை வைத்திருப்பதா விடுவதா என்று கோயில் விறாந்தையில் கூட்டம் வைத்தார்கள்.

"நல்லாத்தான் அடிக்கிறான், அடிக்கிற நாளில," என்றார் சம்மாட்டியார். "அது எந்த நாள் எண்டு அவனுக்கே தெரியாது. முரசுமோட்டையான் நாளுக்கு ஒண்டு போடுறான். எனக்கு அது காணும்."

செயலாளராக இருந்த மாஸ்ரர் மச்சானின் பக்கம். "மூண்டு போடுற நாளில உவனை நிப்பாட்ட இந்த மாவட்டத்தில ஆளில்லை. அந்த ஒரு நாளுக்காக வைச்சிருக்கலாம்."

"மற்ற நாளெல்லாம் பத்துப் பேரோட விளையாடச் சொல்லுறியளோ, மாஸ்ரர்?"

அன்று காலை மனைவி குசினியில் வைத்து எனக்கொரு நியாயம் சொல்லித் தந்திருந்தாள். அதை அப்படியே ஒப்புவித்தேன். சம்மாட்டியார் பதினைந்து தரம் வலை வளைத்தால் ஒரு தரம்தான் மடி நிறைய வருகிறது, அதற்காக யாரும் கடலை நிறுத்திவைக்கக் கூட்டம் வைப்பதில்லையே என்று. விறாந்தை முழுக்கச் சிரிப்பு. சம்மாட்டியாரும் சிரித்தார். "உது உன்ர மனிசி சொல்லித் தந்த கதை. நீ சொந்தமாச் சொல்லு பாப்பம். கடல் எங்களுக்குச் சொந்தமில்லை, தம்பி. சட்டை கழகத்தின்ர." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, இந்த ஒரு விளையாட்டைப் பாப்பம். ஒண்டு போட்டால் இருக்கட்டும். இல்லையெண்டால் சட்டையை மற்றவனிட்டக் குடுப்பம்," என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நானும்தான்.

அந்த ஞாயிறு பின்னேரம் தெற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்று கட்டியது கழித்த வலைத்துண்டு அல்ல. அதை எலி கடித்திருந்ததால், புதிதாகப் பொத்திய நல்ல வலையொன்றின் ஒரு பக்கத்தைச் சம்மாட்டியார் தந்திருந்தார். "நனையாமல் கொண்டு வந்து போடு," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். மழை வந்தால் நாற்பது முடிச்சை எப்படி அவிழ்ப்பேன் என்ற யோசினையில், நான் குந்தியிருக்கும் பக்கத்துக் கம்பத்தில் வழக்கமான இறுக்கு முடிச்சைப் போடாமல் உருவாஞ்சுருக்காகப் போட்டேன். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும் முடிச்சு. வள்ளம் கட்டுகிறவர்களுக்குக் கைவந்தது. வாழ்நாளில் நான் முடிச்சை அவிழ்ப்பதை நினைத்துக் கட்டியது அந்த ஒரு நாள்தான்.

மச்சான் அன்றைக்கு அவனாக இல்லை. பந்து வந்து காலில் பட்டுத் தெறித்து ஓடியது. நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு. வேலிப் பக்கத்தில் தேங்காய்க் கதை தொடங்கிவிட்டது. முரசுமோட்டையான் வெளியே குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது, ஒருவர் நீளமாகத் தூக்கிப்போட்ட பந்தை மச்சான் நெஞ்சில் வாங்கினான். அது கீழே விழுமுன் திரும்பினான். அந்தத் திரும்பலைக் கண்டதும் இன்றைக்கு அவனுடைய நாள் இப்போதுதான் விடிகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. பந்து நிலத்தோடு வந்தது. கம்பத்துக்கு உள்ளே, நாலு விரல் இடைவெளியில், நான் குந்தியிருந்த பக்கத்தில். வலையில் பட்டது. பட்ட வேகத்தில் கீழிருந்த இரண்டு சுருக்கும் உருவின. வலை திரைபோல ஒதுங்கி வழிவிட, பந்து கம்பத்துக்கும் வலைக்கும் நடுவால் வெளியே வந்து என் முழங்காலைத் தாண்டி ஓடியது.

காப்பாளர் மறுபக்கம் பாய்ந்து மண்ணில் முகம் குப்புறக் கிடந்தார். கோட்டுக் கரையில் கொடி பிடித்து நின்றவருக்கு முகத்தில் வெயில். தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அது வெளியால் போய்ப் பக்கவலையில் பட்டதுபோலத்தான் தெரிந்திருக்கும். மச்சான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். என் கை தானாகப் போய் ஒரு முடிச்சைத் திரும்பப் போட்டது. மற்றக் கயிறு கழன்று கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப்பைக்குள் திணித்தேன். யோசித்துச் செய்ததென்றால்கூட மனம் ஆறும். யோசிக்கவேயில்லை. நடுவர் ஓடிவந்து வலையை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "அண்ணை, நீங்கள்தானே கிட்ட இருந்தனீங்கள். பந்து எதால போனது?"

சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பி நிற்பது தெரிந்தது. கடைசி வாங்கில் இருக்கும் அந்த மனிதரின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. "நான் காணேல்லை," என்றேன்.

அப்போதுதான் மச்சானைப் பார்த்தேன். அவன் கம்பத்துக்கு மூன்று எட்டில் நின்றான். அவனுடைய கண் என் முகத்தில் இல்லை, முடிச்சில் இருந்த என் கையில் இருந்தது. பிறகு, என் சட்டைப்பைக்கு வெளியே கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்த பச்சைக் கயிற்றின் நுனிக்குப் போனது. தூக்கியிருந்த கைகளை மெதுவாக இறக்கினான். நடுவர் திரும்பியபோது, "வெளியாலதான் போனது," என்று அவனே சொல்லிவிட்டு நடந்து போனான். ஆட்டம் முடிந்தது. மழையும் பெய்யவில்லை.

புதன்கிழமை கூட்டத்துக்கு அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். நான், இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று எழும்பினேன். "சம்மாட்டியார், அந்தப் பந்து" என்று தொடங்கியதும் மச்சான் இடையில் விழுந்தான். "அத்தானுக்கு என்னில பாவம். அதுதான் கதைக்க வெளிக்கிடுறார். விடுங்கோ." எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். மாஸ்ரர் என் தோளைத் தட்டி இருத்தினார். நான் இருந்தேன். அவன் பேப்பர் சுற்றிக் கொண்டு வந்திருந்த சட்டையை எடுத்து மேசையில் வைத்தான். நன்றாக மடித்திருந்தான், ஒன்பது மேலே தெரிகிறமாதிரி. சம்மாட்டியாருக்கும் அது அவ்வளவு சுகமான நேரமாக இருக்கவில்லை. "கோவிக்காத, மேனே," என்றார். "இதில என்ன கோவம்," என்றான் அவன்.

திரும்பி வரும் வழியில் வாடிகளைத் தாண்டினோம். பிறகு நான், "ஏன்ரா சொல்ல விடேல்லை?" என்று கேட்டேன். அவன் குனிந்து ஒரு சிப்பியை எடுத்துக் கடலில் எறிந்தான். "உங்கட கையில ஆறு சீவன் சாப்பிடுது, அத்தான், என்னோட சேத்து. என்ர காலில ஒருத்தரும் சாப்பிடேல்லை." கொஞ்சத் தூரம் போன பிறகு, என்னை ஓரக்கண்ணால் பார்த்து, வாய்க்குள் சிரித்துக்கொண்டு, "என்ன, அவிட்டர், நடவுங்கோ," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரங்களில் மட்டும் அவனுக்கு நான் அவிட்டர். வேறு யாரும் கேட்க ஒருநாளும் சொன்னதில்லை.

அதன்பிறகு அவனால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க முடியவில்லை. பந்துச் சத்தம் கேட்டால் மணற்கரையோரம் நடந்து நடந்து கண்காணாத தூரத்துக்குப் போய்விடுவான். சட்டையை வாங்கிக்கொண்ட முரசுமோட்டையானே ஒருநாள் அவனிடம் வந்து, "எங்கட ஊரில நெல் வெட்டுக்கு ஆள் தேடுகினம், அண்ணை. கழகத்திலயும் முன்னுக்கு ஆளில்லை, நான் இஞ்ச நிக்கிறன்தானே," என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். மச்சான் ஒரு பையோடு பஸ் ஏறினான். நெல் வெட்டப் போனவன் அங்கேயே வேலை செய்து, அங்கேயே கலியாணம் முடித்து, இப்போது இரண்டு பிள்ளைகள். கடலில் வளர்ந்தவன் வரம்பில் நடக்கிறான். "ரெண்டு கழகமும் மாத்துக் கலியாணம் செய்துபோட்டுது," என்று மனைவி சிரிப்பாள். ஆனால் அவன் போன முதல் வருடம் பிட்டு அவித்தால் அவனுடைய பங்கையும் சேர்த்துத்தான் அவித்தாள்.

முரசுமோட்டையான் எங்களுக்கு நன்றாகத்தான் விளையாடினான். இரண்டு கிண்ணம் அவன் காலால் வந்தது. சம்மாட்டியார் சொன்னது பிழையென்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவர்கள் எடைபோட்ட தராசில் ஒரு கோல் குறைவு. அதை எடுத்து ஒளித்தவன் நான். இப்போது யோசித்தால், உண்மையைச் சொல்லியிருந்தால் சம்மாட்டியார் இரண்டு நாள் ஏசிவிட்டு மறந்திருப்பார் என்றும் தோன்றுகிறது. அதுதான் இன்னும் நோகிறது.

போன மாதம் மச்சான் தொலைபேசி எடுத்தான். அவர்களுடைய மைதானத்துக்குப் புதுக் கம்பம் நட்டிருக்கிறார்களாம், வலை கட்ட வரவேண்டுமாம். நான் சாட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டிக்கழித்தேன். மனைவிக்குச் சந்தேகம் வந்து, என்ன ஏது என்று விடாமல் கேட்க, கடைசியில் பேணியைத் திறந்து கயிற்றைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ர தம்பியை ஒரு சாண் கயித்துக்கு வித்துப்போட்டியள்," என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "போய்க் கட்டிக் குடுத்துட்டு வாங்கோ," என்று சாப்பாட்டைக் கட்டித் தந்தாள்.

முரசுமோட்டையில் வயலை ஒட்டிய மைதானம். அறுவடை முடிந்து வைக்கோல் வாசம். நாற்பது முடிச்சையும் இறுக்கு முடிச்சாகப் போட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். மச்சானுக்கு இப்போது வயிறு முன்தள்ளிக் கொஞ்சம் வண்டி வைத்துவிட்டது. ஆள் குறைந்தால்தான் இறங்குவானாம். அன்றைக்கு ஆள் குறைந்தது. வழக்கம்போலக் கோலுக்குப் பின்னால் குந்தினேன். ஆனால் முடிச்சைப் பார்க்காமல் பந்தைப் பார்த்தேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழையபடி நெஞ்சில் வாங்கி, பழையபடி திரும்பினான். பந்து கம்பத்துக்கு இரண்டு முழம் வெளியால், என் தலைக்கு மேலால் பறந்து வாய்க்காலுக்குள் விழுந்தது.

அதை எடுக்க அவனே ஓடிவந்தான். மூச்சு வாங்க என்னருகில் நின்று, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், "இது மெய்யாவே வெளியால போனது, அவிட்டர்," என்றான்.

"ஓம்," என்றேன். "மற்றது உள்ளுக்க போனது."

அவன் என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, சிரித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான்.

இதை எழுதப்போகிறேன் என்று அங்கேயே அவனிடம் சொன்னேன். "எழுதுங்கோ. கோல் எண்டதை மட்டும் வடிவாப் போடுங்கோ," என்றான். போட்டிருக்கிறேன். சம்மாட்டியாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அவருடைய மகள்தான் பேப்பரை வாசித்துக் காட்டுவாள், இதையும் வாசிப்பாள். அதற்குப் பிறகு ஊரில் என்னை அவிட்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். பழகியும் விட்டது. முரசுமோட்டைக்காரர்கள் அன்றைக்கு அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். விளையாட்டு முடிந்து, இறுக்கிய முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர்களுடைய கோல் காப்பாளர், உழவு இயந்திரம் ஓட்டுகிற மனிதர், மரியாதையாக வந்து, "அவிட்டர் அண்ணை, நான் கத்தி கொண்டு வாறன். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் இருந்து பேணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகள் ஒரு சீலைத் துண்டில் வரிசையாகக் கிடந்தன. "தம்பி கோல் அடிச்சவனோ?" என்று கேட்டாள். இல்லை, வாய்க்காலுக்குள் போனது என்றேன். தலையை ஆட்டிச் சிரித்தாள். பிறகு அந்தப் பச்சைக் கயிற்றை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, நான் கையை நீட்டுமுன் அவளே பேணிக்குள் வைத்து மூடினாள்.